உயரத்தை அளக்கிறார்கள், நொடிகளை யாரும் அளப்பதில்லை

வணக்கம். பலகைமேல் நின்று மிகப் பெரிய கடலலைகளில் சறுக்கும் பேரலைச் சறுக்கு விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் திரை முழுக்க அலைகளாக ஓடும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று மேசைமேல் இந்த நிறுத்துக் கடிகாரம் மட்டும்தான் இருக்கிறது. பேச்சு முடியும்போது இதை ஏன் எடுத்து வைத்தேன் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பேரலை என்றவுடன் எல்லோரும் முதலில் கேட்பது, அது எத்தனை அடி என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்வது எளிது. போர்ச்சுகல் நாட்டின் நாசரே கடற்கரையில் 2011-இல் காரெட் மெக்னமாரா 78 அடி அலையில் சறுக்கினார். 2017-இல் ரோட்ரிகோ கோஷா 80 அடி. 2020 அக்டோபர் 29-இல் செபாஸ்டியன் ஸ்டோய்ட்னர் 86 அடி, அதாவது 26 மீட்டருக்குச் சற்று மேல். ஒரே கடற்கரை, மூன்று சாதனைகள். புகைப்படத்தை வைத்துக்கொண்டு, வீரர் குனிந்து நிற்கும் உயரத்தை அளவுகோலாக்கி, அங்குலம் அங்குலமாகக் கணக்கிட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த விளையாட்டில் மனிதரைக் கொல்வதை அந்த அளவுகோலால் அளக்க முடியாது. தலை நீருக்குள் மறைந்த நொடியிலிருந்து மறுபடி வெளியே வரும் நொடி வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அங்கே உயிரைத் தீர்மானிக்கிறது. பழைய பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் கையில் கடிகாரத்தை வைத்துக்கொள்வது அதனால்தான்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. தோளுயர அலை ஒன்றில் பலகையோடு கவிழ்ந்தேன். மூக்கிலும் வாயிலும் நீர் புகுந்து, மணலில் தோள் உரசி, எந்தப் பக்கம் வெளிச்சம் என்று தெரியாமல் உருண்டு, ஒருவழியாக மேலே வந்தபோது குறைந்தது அரை நிமிடமாவது உள்ளே கிடந்திருப்பேன் என்று சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். கரையில் இருந்த நண்பர் எடுத்த பதிவை அன்று மாலை ஓட்டிப் பார்த்தேன், ஏழு நொடிதான். தோளுயர அலையில், காலுக்கு எட்டும் தரையில், ஏழு நொடி.

இனி பெரிய அலைக்கு வருவோம். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை ஒரு டன்னைவிடச் சற்று அதிகம். அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே ஆறடி அலையையும் அறுபதடி அலையையும் சிறியது, பெரியது என்ற ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தண்ணீர்தானே, பஞ்சு மெத்தைபோல் ஏந்திக்கொள்ளும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் நீரைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார்; அந்த வேகத்தில் நீர் விலகி வழிவிடுவதற்கு முன் உடம்பை அறைகிறது. நெஞ்சில் பிடித்து வைத்திருந்த காற்றில் பெரும்பகுதி அந்த மோதலிலேயே வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அலை அவரைப் பின்னோக்கி உறிஞ்சி, தன் முகட்டுக்கே மறுபடி தூக்கிச் சென்று, சரிந்து விழும் நீரோடு சேர்த்து இரண்டாவது முறையாகக் கீழே எறிகிறது. அதாவது அவருடைய நொடிக்கணக்கு முழு மூச்சோடு தொடங்குவதில்லை, காலி நெஞ்சோடு தொடங்குகிறது.

உள்ளே நடப்பதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தக் கேமராவும் இதைக் காட்டுவதில்லை. அலை ஒருவரைச் சில நொடிகளில் பல மீட்டர் ஆழத்துக்குத் தள்ளிவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. காதழுத்தத்தைச் சரிசெய்ய அவகாசம் இல்லாததால் செவிப்பறை கிழியக்கூடும். குளிர்ந்த நீர் உள்ளே புகுந்தால் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்ற உணர்வே அற்றுப்போகும். சரி, திசை தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மேலே நீந்த வேண்டிய நீர் சாதாரண நீராக இருந்தால்தானே? அது காற்றும் நீரும் கலந்த நுரை. நுரையின் அடர்த்தி குறைவு என்பதால் உடம்பு அதில் மிதப்பதில்லை, கையை வீசினால் பிடிமானம் கிடைப்பதில்லை. வெளிச்சம் தெரிகிறது, வாய் திறக்கும் அளவுக்கு அருகில் வந்துவிட்டார், ஆனால் அங்கே இருப்பதும் நுரைதான். மூச்சை இழுத்தால் பாதி நீர் உள்ளே போகும்.

அதற்குள் அடுத்த அலை வந்துவிடுகிறது. தொலைதூரப் புயல்களில் பிறந்து வரும் பேரலைகளுக்கிடையே 15 முதல் 20 நொடி இடைவெளி இருக்கும். முதல் அலை பிடித்த பிடியை விடுவதற்குள் இரண்டாவது வந்து அமுக்கினால் நாற்பது நொடி ஓடியிருக்கும். மூன்றாவதும் வந்தால் ஒரு நிமிடம். நீச்சல்குளத்தில் அசையாமல் கிடந்து நான்கு நிமிடம் மூச்சடக்குகிறவருக்கு ஒரு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். குளத்தில் இதயம் மெதுவாகத் துடிக்கிறது, தசைகள் ஓய்வில் இருக்கின்றன. அலைக்குள் இதயம் தறிகெட்டு ஓடுகிறது, ஒவ்வொரு தசையும் ஆக்சிஜனைத் தின்கிறது. மூச்சு விட்டே ஆகவேண்டும் என்ற தவிப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஆக்சிஜன் குறைவதல்ல, உடலில் சேரும் கரியமில வாயு. தவிப்பு தொடங்கிய பிறகும் சற்று நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை வீரர்கள் பயிற்சியில் கற்றுக்கொள்கிறார்கள். இதையே சிலர் குறுக்குவழியாக்கி, வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். தவிப்பு வருவதற்கு முன்பே நினைவு போய்விடும். தயவுசெய்து இதைத் தனியாகக் குளத்திலோ தொட்டியிலோ செய்து பார்க்க வேண்டாம். பேரலையே இல்லாமல் இதில் இறந்தவர்கள் உண்டு.

அலையின் உயரம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 1994 டிசம்பர் 23 ஒரு சாட்சி. கலிஃபோர்னியாவின் மாவரிக்ஸ் என்ற இடத்தில் ஹவாய்த் தீவுகளின் புகழ்பெற்ற வீரர் மார்க் ஃபூ விழுந்தார். அது அன்றைய மிகப் பெரிய அலை அல்ல. படகிலும் குன்றிலும் கேமராக்கள் இருந்தன, சுற்றிலும் தேர்ந்த வீரர்கள் இருந்தார்கள், பட்டப்பகல். அடுத்த அலையில் விழுந்து உள்ளே சிக்கிய மைக் பார்சன்ஸ் நீருக்கடியில் யார்மீதோ மோதியதை உணர்ந்து, தன்னோடு விழுந்த சக வீரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஃபூ வெளியே வரவில்லை என்பதை ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஒருவரும் கவனிக்கவில்லை. துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த படகிலிருந்தவர்கள்தான் உடைந்த பலகைத் துண்டோடு மிதந்த உடலைக் கண்டார்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவர் கையிலும் கடிகாரம் ஓடவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 1995-இல் அதே டிசம்பர் 23 அன்று, ஹவாயின் வைமியா விரிகுடாவில் டானி சாலமன் இறந்தார். அவர் அலையில் சறுக்கிக்கொண்டிருக்கவில்லை; துடுப்பாகக் கைகளை வீசி அலையைத் தாண்டி அப்பால் போக முயன்றபோது அது அவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

பலகையைக் கணுக்காலோடு பிணைக்கும் கயிறு இருக்கிறதே, அதைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு தெளிவான முடிவு இல்லை. அது பாறை இடுக்கில் மாட்டினால் அதுவே தூக்குக்கயிறு. ஆனால் வீரர் ஆழத்தில் கிடக்கும்போது பலகை மேலே கல்லறைக்கல்போல் செங்குத்தாக நின்று, ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று மீட்பவருக்குக் காட்டுவதும் அந்தக் கயிற்றால்தான். வீரர்கள் அந்த நிலையைக் கல்லறைக்கல் என்றே சொல்கிறார்கள்; கேட்கவே என்னவோபோல் இருக்கிறது.

காற்று நிரம்பும் மேலாடை வந்தது இதற்கெல்லாம் பிறகு. ஷேன் டோரியன் 2010-இல் மாவரிக்ஸில் இரண்டு அலைகளின் அடியில் சிக்கி, செத்துப் பிழைத்து வந்தார். விமானப் பயணிகளுக்குத் தரும் மிதவை ஆடையை நினைத்துப் பார்த்து, இழுத்தால் கரியமில வாயுக் குப்பி திறந்து முதுகில் பை ஊதிக்கொள்ளும்படியான உடையை உருவாக்கத் தூண்டினார். 2011 மார்ச்சில் சயன் மிலோஸ்கி அதே மாவரிக்ஸில் இறந்தார். அவருடைய நண்பர்களான கோல் கிறிஸ்டென்சனும் டானிலோ கூட்டோவும் அந்த ஆண்டிலேயே சக வீரர்களுக்கு மீட்புப் பயிற்சியும் முதலுதவியும் கற்றுத்தரும் அமைப்பைத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், மேலாடையைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றக்கூடியது இந்தப் பயிற்சிதான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 2012 டிசம்பரில் கிரெக் லாங் அந்த மேலாடையை அணிந்துதான் இருந்தார். இடம் கோர்ட்டெஸ் பேங்க். கலிஃபோர்னியக் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் மூழ்கிக் கிடக்கும் ஒரு மேடு. விழுந்தார், இழுத்தார், பை ஊதவில்லை. முதல் அலை ஓய்வதற்குள் இரண்டாவது வந்தது, பிறகு மூன்றாவது. காலில் கட்டிய கயிற்றைக் கைக்குக் கை மாற்றிப் பிடித்து ஏறி, மேற்பரப்பை நெருங்கிய நேரத்தில் நினைவிழந்தார். ஜெட் ஸ்கீ என்னும் நீர்மேல் ஓடும் மோட்டார் வண்டியில் காத்திருந்த மீட்புக் குழு, குப்புற மிதந்தவரைத் தூக்கியது. கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் அவரைக் கரை சேர்த்தது. கருவி கைவிட்ட இடத்தில், அவர் எங்கே விழுந்தார் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் இருந்தார்கள்.

கடைசியாக, நாசரே. கரையை ஒட்டியே கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு, கடைசியில் ஐந்து கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. ஆழமான பள்ளத்தின் வழியே வேகம் குறையாமல் வரும் அலையும், பக்கத்து ஆழமற்ற தரையில் வேகம் குறைந்து வரும் அலையும் கரையருகே சந்தித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. கரையோர நீரோட்டம் அவற்றை இன்னும் தூக்கிவிடுகிறது. உயரத்துக்கான காரணம் இது. அபாயத்துக்கான காரணம் வேறு. மாவரிக்ஸிலும் ஹவாயின் ஜாஸிலும் உடையும் அலைக்குப் பக்கத்தில் ஆழமான, அலை உடையாத வாய்க்கால் இருக்கிறது. விழுந்தவரை அங்கே இழுத்துக்கொண்டுபோய் மூச்சு வாங்க விடலாம். நாசரேயில் அப்படிப்பட்ட அடைக்கலம் இல்லை. எங்கே பார்த்தாலும் நுரை. அந்த நுரையில் ஜெட் ஸ்கீயும் நீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சித் திணறும்.

அங்கே 2013 அக்டோபர் 28 அன்று பிரேசில் வீராங்கனை மாயா கபெய்ரா விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்தது, மிதவை மேலாடையை அலை பிய்த்துக்கொண்டு போனது. ஜெட் ஸ்கீயில் வந்த கார்லோஸ் பூர்லே வீசிய கயிற்றைப் பிடித்துக் கரைவரை இழுபட்டு வந்தவர், அதற்குள் நினைவிழந்துவிட்டார். மணலில் கிடத்தி நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார்கள். முதுகெலும்பு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவர் அதே நீருக்குத் திரும்பி, 2018 ஜனவரியில் 68 அடி அலையில் சறுக்கிப் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். 2023 ஜனவரி 5-இல் அதே கடலில் விழுந்த 47 வயது மார்சியோ ஃப்ரெய்ரேயை மீட்க முடியவில்லை. அலைக்குள் இழுத்துவிடும் ஜெட் ஸ்கீயின் துணையில்லாமல், வெறுங்கையால் துடுப்பிட்டு ஜாஸ் அலைகளில் சறுக்கிப் பெயர் பெற்ற முன்னோடிகளில் ஒருவர் அவர். நாசரே அலைகள் பறித்த முதல் சறுக்குவீரரின் உயிர் அதுதான்.

இந்தக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு நான் திரும்பத் திரும்பப் பார்த்த பதிவு 2020 பிப்ரவரி 11 அன்று அங்கே நடந்த போட்டியினுடையது. அலெக்ஸ் போடெல்யோ தன் அலையை முடித்துவிட்டார், விழவே இல்லை. கூட்டாளி ஹியூகோ வாவ் ஜெட் ஸ்கீயில் வந்து அவரை ஏற்றிக்கொண்டார். வெளியே போகும் வழியில் இரண்டு அலைகள் மோதி எழுந்த மேட்டில் வண்டி அந்தரத்தில் பறந்து, இருவரும் தூக்கி எறியப்பட்டார்கள். போடெல்யோ நினைவின்றிக் குப்புற மிதந்தார். ஒரு ஜெட் ஸ்கீ நெருங்கும், அலை வரும், விலகி ஓடும், மறுபடி நெருங்கும். நொடிகள் நிமிடங்களாயின. கடைசியில் கரைக்கு அருகே நீருக்குள் ஓடிய மீட்பாளர்கள் அவரைப் பிடித்து இழுத்து, மணலில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார்கள், பிழைத்துக்கொண்டார். அதே நாள், அதே போட்டியில், மாயா கபெய்ரா தன் பழைய சாதனையைத் தானே முறியடித்தார். சாதனைப் பட்டியலில் அந்த நாளுக்கு நேராக இருப்பது ஒரே ஒரு எண்: 73.5 அடி.