கை மறக்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலைய வாசலில் என்னை வரவேற்ற தம்பி, "ஜேசிபி ஓட்டுறவர் நீங்கதானே ஐயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மண் அள்ளுகிற வண்டி எதுவானாலும் ஊருக்கு அது ஜேசிபிதான். ஒரு காலத்தில் அத்தனையும் பொக்லைனாக இருந்தன. பொக்லைன் ஒரு பிரெஞ்சு கம்பெனி. அவர்களுடைய வண்டியை இங்கே எல் அண்ட் டி தயாரித்து விற்றது. அந்த வண்டிகளைத் தேடினாலும் இப்போது கிடைக்காது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆக்கிரமிப்பை அகற்றினால் இன்றைக்கும் பேப்பரில் 'பொக்லைன் இயந்திரம்' என்றுதான் போடுகிறார்கள். ஜேசிபி என்பது ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கம்: ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட், 1945-இல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கியவர்.

நான் முதலில் தொட்டது இந்த இரண்டையும் இல்லை. 1983-இல் ஒரு டோசருக்கு, அதாவது முன்னால் உள்ள பிளேடால் மண்ணைத் தள்ளுகிற வண்டிக்கு, ஹெல்பராகச் சேர்ந்தேன். கோலார் தங்கவயலில் பெமல் என்ற அரசு கம்பெனி செய்த டி-80 மாடல். வண்டியை ஓட்டக் கொடுக்க மாட்டார்கள். விடிந்ததும் கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் போய் கிரீஸ் அடிக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர், ஏர் ஃபில்டர், சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் இரும்புச் செயினில் சிக்கிய கல்லைக் கடப்பாரையால் நெம்புவது என்று இரண்டு வருஷம் ஓடியது.

லாரி ஓட்டப் பழகியவனுக்கு டோசர் சீக்கிரம் வராது என்பார் எங்கள் ஆபரேட்டர் அண்ணன். லாரியில் மிதித்தால் வேகம் கூடும். டோசரில் வேகத்தைக் கை லீவரில் வைத்துவிட வேண்டும். பெடலை மிதித்தால் இன்ஜின் தணியும். அப்புறம் திருப்புவது. ஸ்டீயரிங் வட்டம் கிடையாது, இரண்டு லீவர்தான். இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குச் சக்தி அறுந்துபோகும், வலது செயின் தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையில் சரி. இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது அதன் எடை. இன்ஜின் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்கு அந்தப் பிடி விட்டுப்போகும், அது முந்தி உருளும், வண்டி வலப்பக்கம் போகும்!

இதை அண்ணன் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். இருந்தும் ஓர் ஏரிக்கரைச் சரிவில், வலப்பக்கம் இருந்த தண்ணீரை விட்டு விலக நினைத்து இடது லீவரை இழுத்தேன். வண்டி தண்ணீரைப் பார்த்துத் திரும்பியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. "பிளேடைப் போடுடா!" என்று பக்கத்தில் நின்ற அண்ணன் கத்தினார். பிளேடு மண்ணில் குத்தி வண்டி நின்றது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு பேக்ஹோ வந்தது, அதைத்தான் நீங்கள் ஜேசிபி என்கிறீர்கள். முன்னால் ஒரு பக்கெட், பின்னால் ஒரு பக்கெட், நடுவில் திரும்புகிற சீட்டு. நான் ஓட்டிய வண்டியில் பூமை, அதாவது பக்கெட்டைத் தூக்கி இறக்கும் பெரிய இரும்புத் தண்டை, இயக்கும் லீவர் இடது கையில் இருந்தது. அங்கிருந்து ஹிட்டாச்சிக்கு மாறினேன், செயினில் ஓடும் 20 டன் எக்ஸ்கவேட்டர், மண் தோண்டும் வண்டி. அதில் பூம் வலது கை, பூமின் நுனியில் மடங்கி நீளும் ஆர்ம் இடது கை. முதல் வாரமே டிப்பரில் லோடு ஏற்றும்போது பூமைத் தூக்குவதாக நினைத்து இடது கையை இழுத்தேன். ஆர்ம் உள்ளே மடங்கி, பக்கெட் டிப்பரின் பக்கவாட்டில் போய் இடித்தது. ஓனர் இரண்டு நாள் பேட்டாவைப் பிடித்தார். புதிதாகக் கற்பது ஒன்றும் பெரிய பாடு இல்லை, நேயர்களே. கற்றதைக் கை மறக்க வேண்டுமே, அதுதான் பாடு. மூளை ஒரே நாளில் மாறிக்கொள்ளும். கைக்கு மாதக்கணக்கு ஆகும்.

வாஜ்பாய் காலத்தில் தங்க நாற்கரச் சாலை, மொத்தம் 5,846 கிலோமீட்டர். அதில் கிருஷ்ணகிரிப் பக்கம் எனக்கு வேலை. அங்கே பூமிக்கடியில் பெரும்பாலும் கருங்கல். பக்கெட்டைக் கழற்றிவிட்டு, கல்லை இடித்து உடைக்கும் பிரேக்கர் மாட்டினோம். பத்து மணி நேரம் அதில் உட்கார்ந்தவன் ராத்திரி படுத்தாலும் உடம்பு அதிர்ந்துகொண்டே இருக்கும். டம்ளரில் காபி வாங்கினால் பாதி சட்டையில்தான். அதைப் பற்றி வேறு என்ன சொல்ல, காசு நல்ல காசு.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். ஹெல்பராக இருந்தபோது ஒரு சித்திரை மதியம், நிழல் தேடி டோசர் செயினுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துத் தூங்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது அண்ணனின் பழக்கம். என்னைப் பார்த்ததும் காலால் ஓர் எத்து விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. போய் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் வெகுநேரம் இருந்தார்.

போன வருஷம் அக்கா மகன் தவணையில் புது எக்ஸ்கவேட்டர் எடுத்தான். ஏசி கேபின், பின்னால் பார்க்க கேமரா. "மாமா, ஒரு பக்கெட் அள்ளுங்க" என்றான். நான் வண்டியைச் சுற்றி நடந்தேன். "மாமா, அதான் கேமரா இருக்கே" என்று சிரித்தான். செயினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. ஏறி உட்கார்ந்து, ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு, "பூம் எந்தக் கைடா மாப்ளே?" என்று கேட்டேன்.