எல்லோர் கையிலும் ஒரு சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்கு எல்லோரும் கூடினால், சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு போர்டு கேம் பெட்டி திறக்கும். கூடவே ஒரு வாக்குவாதமும் வரும். ஒருவரை ஒருவர் ஜெயிக்கிற ஆட்டமா, எல்லோரும் ஒரே அணியாக நின்று ஆட்டத்தையே ஜெயிக்கிற ஆட்டமா?

போட்டி என்றால் நான் எடுப்பது 'கேட்டான்' என்ற ஆட்டம். கிளாஸ் டாய்பர் உருவாக்கியது, 1995-இல் ஜெர்மனியில் வெளிவந்தது. ஒரு தீவில் சாலை போட்டு, வீடு கட்டி, முதலில் 10 புள்ளி சேர்ப்பவர் வென்றவர். மோனோபொலியில் திவாலானவர் எழுந்து போய்விட வேண்டும். இங்கே கடைசி வரை எல்லோருக்கும் இடம் உண்டு. பகடை யார் கைக்கு வந்தாலும், "செங்கல் ஒண்ணு கொடுங்க, கம்பளி ரெண்டு தர்றேன்" என்று அவரோடு பேரம் பேசலாம். அந்தச் சந்தை இரைச்சலுக்காகவே எனக்கு இது பிடிக்கும்.

ஆனால் 8 புள்ளி எடுத்துவிட்டவரிடம் யாரும் பேரம் பேச மாட்டார்கள். விளைச்சலைத் தடுக்கிற திருடன் காயும் அவர் நிலத்தில்தான் வந்து உட்காரும். போன வருடம் என் அண்ணன் மகள் அப்படி மாட்டிக்கொண்டாள். "கோதுமை வேணுமா, யாருக்காவது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவரும் வாங்கவில்லை. விதிப்படி அது சரிதான். அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

சரி என்று மறுநாள் பாண்டமிக் என்ற கூட்டு ஆட்டத்தை எடுத்தோம். மாட் லீகாக் உருவாக்கியது, 2008-இல் வந்தது. போட்டி ஆட்டங்களால் மனைவியோடு கழிக்கிற மாலைகள் கசந்துபோனதால்தான் அவர் இதை யோசிக்கவே ஆரம்பித்தார். உலக வரைபடத்தில் 48 நகரங்கள், நான்கு நோய்கள். நான்குக்கும் சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். நம் சென்னையும் பலகையில் இருக்கிறது. அங்கே நோயைக் குறிக்கிற கறுப்புக் கட்டைகள் மூன்று இருக்கும்போது நான்காவது வந்தால், மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என்று ஐந்து ஊருக்கும் நோய் தெறிக்கும். இப்படி எட்டு முறை வெடித்தால் எல்லோருக்கும் தோல்வி.

அண்ணனுக்கு இந்த ஆட்டம் தண்ணீர் பட்ட பாடு. "அம்மா, நீ சென்னைக்குப் போ. அந்தக் கட்டையை எடு. சீட்டை அவகிட்ட கொடு" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மூன்றாவது சுற்றில் அம்மா தன் சீட்டுகளை அவன் பக்கம் தள்ளிவைத்து, "நீயே ஆடுப்பா, நான் காபி போடறேன்" என்று எழுந்துவிட்டார். நாங்கள் ஜெயித்தபோது அவர் அடுப்படியில் இருந்தார்.

போட்டி ஆட்டத்தில் தோற்பவர்கூடத் தன் ஆட்டத்தைத் தானே ஆடித்தான் தோற்கிறார். கூட்டு ஆட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நான்கு பேர் ஆட்டத்தையும் ஆடிவிட முடியும். அதனால் பெட்டி வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: ஒவ்வொருவருக்கும் தானே செய்தாக வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா?

ஹனாபியில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கை என்று பொருள். உருவாக்கியவர் அந்துவான் பௌசா என்ற பிரெஞ்சுக்காரர். 2013-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது வாங்கியது. சீட்டை எதிரே இருப்பவர் பார்க்கும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். நம் சீட்டு நமக்குத் தெரியாது. ஐந்து நிறங்களிலும் 1 முதல் 5 வரை வரிசையாக இறக்க வேண்டும். மற்றவர்கள் நிறத்தையோ எண்ணையோ மட்டும் குறிப்பாகச் சொல்லலாம், அதுவும் இத்தனை தடவைதான் என்று கணக்கு உண்டு. "இந்த ரெண்டும் சிவப்பு", அவ்வளவுதான்.

அம்மாவின் முறை வந்தது. சீட்டுகளின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு வாய் துறுதுறுத்தது, சொல்ல வழியில்லை. "முன்னாடி இதை 3-னு சொன்னே. சும்மாவா சொல்லியிருப்பே?" என்று அம்மா ஒரு சீட்டை உருவி வைத்தார். மஞ்சள் 3. தேவைப்பட்டதும் அதுதான். அன்று 25-க்கு 17 எடுத்தோம். காபியை நான் போட்டேன்.

கேட்டானில் நான்கு பேர், ஹனாபியில் ஐந்து பேர் வரை உட்காரலாம். ஏழு பேர் வரை இருந்தால் ஜஸ்ட் ஒன் ஆடுங்கள். தாளும் பென்சிலும் போதும். ஒருவருக்கு மட்டும் தெரியாமல் 'கடல்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அவர் அதைக் கண்டுபிடிக்க மற்றவர்கள் ரகசியமாக ஆளுக்கொரு சொல் குறிப்பு எழுத வேண்டும். இரண்டு பேர் 'அலை' என்று எழுதினால் இரண்டுமே அடிபட்டுப் போகும். 'உப்பு' என்று எழுதிய பாட்டியின் தாள் மிஞ்சும்.

வணக்கம்.