குளிர்த்தி பாடும் ஊரிலிருந்து

நடுவர் அவர்களே, வெள்ளவத்தை மண்டபம் நிறைந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

கதைகளில் கொடுமை செய்த பாத்திரங்களை ரசிகர்கள் விளங்கிக்கொள்கிறார்களா, அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறார்களா? இதுதான் இன்றைய கேள்வி. விளங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ தொடரை எடுத்துக்கொண்டார். ஜேமி லனிஸ்டர் பிரான் என்ற சிறுவனைக் கோபுர ஜன்னலிலிருந்து தள்ளிவிட்டதைச் சொன்னார். "ஜேமிக்காக அழுகிறவர்களே, அந்தப் பிள்ளையின் முறிந்த முதுகு உங்களுக்கு நினைவில்லையா?" என்று கேட்டார். சபை அப்படியே அமைதியாகிவிட்டது. நானும்தான்.

நினைவிருப்பதால்தான் நாங்கள் இவ்வளவு பேசுகிறோம். இந்தத் தொடருக்கு மூலம் ஜோர்ஜ் மார்ட்டினின் நாவல்கள். பிரான் விழுவது 1996இல் வந்த முதல் நாவலில். ஜேமியின் மனதுக்குள் மார்ட்டின் நம்மை விடுவது 2000இல் வந்த மூன்றாவது நாவலில். அதுவரை அவனை வெறுக்காத வாசகர் குறைவு. அப்புறம்தான், வலக்கை வெட்டப்பட்டு, குளியல் தொட்டியில் மயங்கி விழப்போகும் நிலையில், காப்பதாகச் சத்தியம் செய்த அரசனை ஏன் கொன்றேன் என்று பிரியென் என்ற போர்வீராங்கனையிடம் சொல்கிறான். அந்த அரசன் தலைநகரை மக்களோடு சேர்த்து எரிக்க உத்தரவிட்டிருந்தான். ஜேமிக்கு அப்போது 17 வயது. ஊர் அவனுக்கு ‘அரசனைக் கொன்றவன்’ என்று பட்டம் கட்டியது, காரணம் கேட்கவில்லை.

சரி, இதை வாசித்ததும் பிரானின் முதுகு நிமிர்ந்துவிடுமா? நிமிராது. ஒரு நகரத்தைக் காப்பாற்றியவனும் ஒரு பிள்ளையைத் தள்ளியவனும் ஒரே ஆள். வக்காலத்து வாங்குகிறவர் பாதகமான சாட்சியைத் தொடவே மாட்டார். ரசிகர்களோ அதைத் தேடிப்பிடித்து வெளியே எடுத்து வைக்கிறார்கள். பிரானையும் தம்பியையும் கொன்றுவிட்டதாகத் தியோன் என்ற பாத்திரம் சொன்ன பொய்க்காகச் சாகடிக்கப்பட்ட இரண்டு ஆலைக்காரப் பிள்ளைகளுக்கு நாவலில் பெயர்கூட இல்லை. அவர்களை இன்றுவரை ஞாபகப்படுத்துவது யார்? இந்த ரசிகர்கள்தான்.

அதே தொடரின் அரசி டெனேரிஸுக்கு வருகிறேன். எனக்கு வலிக்கும் இடம் இதுதான். அடிமைகளின் விலங்கை உடைத்தவள் அவள். பெற்ற பிள்ளைக்கு அவளுடைய ‘கலீசி’ பட்டத்தைப் பெயராக வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவளே எட்டாவது சீசனில், சரணடைந்த நகரத்தை, மணி அடித்த பிறகும் எரித்தாள். அமெரிக்காவில் அது ஒளிபரப்பானது 2019 மே 12 இரவு, இங்கே இலங்கையில் 13ஆம் திகதி காலை. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்றிரவு நாடு முழுக்க ஊரடங்கு.

சாம்பல் மூடிய தெருவில் ஒரு தாயும் மகளும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் தோழி படத்தை நிறுத்திவிட்டாள். இத்தனை வருடமும் டெனேரிஸை நேசித்தவள் அவள். "இது முதலிலிருந்தே இவளிடம் இருந்ததா? நான்தான் காணவில்லையா?" என்று கேட்டாள். ஊரடங்கு இரவில் பழைய சீசன்களை மறுபடி போட்டுப் பார்த்தோம். மீரீன் நகரப் பிரபுக்கள் 163 அடிமைப் பிள்ளைகளைச் சிலுவையில் அறைந்ததற்குப் பதிலாக டெனேரிஸ் 163 பிரபுக்களை அறைகிறாள். அன்று நாங்கள் கைதட்டியிருக்கிறோம். பிறகு ஒரு மகன் வந்து, என் அப்பா அந்தக் கொடுமையை எதிர்த்தவர், அவரையும் அறைந்துவிட்டீர்கள் என்கிறான். யார் குற்றவாளி என்று அவள் விசாரிக்கவில்லை. நாங்களும் விசாரிக்கவில்லை. நடுவர் அவர்களே, தன் கைதட்டலையே கூண்டில் ஏற்றிய ஒரு ரசிகையை அன்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

எரித்தவளை எப்படி இன்னும் நேசிக்கிறீர்கள் என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். நான் மட்டக்களப்புப் பிள்ளை. எங்கள் பக்கம் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி, அதாவது அவள் கோபத்தைத் தணிக்கும் பாட்டு, பாடுவார்கள். மதுரையை எரித்தவள் அவள். எரிக்கும்போதும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிடு என்று தீக்கு ஆணையிட்டாள் என்கிறார் இளங்கோவடிகள். டெனேரிஸின் நெருப்பு குழவியையும் விடவில்லை. அந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் கண்ணகியின் கோபமும் சும்மா விட்டுவிடக்கூடிய கோபம் இல்லை என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். அதனால்தான் கும்பிடுவதோடு நிறுத்தாமல் அவளைக் குளிரப் பண்ணுகிறார்கள். சிங்களச் சனமும் அவளைப் பத்தினித் தெய்வமாக வைத்திருக்கிறது. கொழும்பிலிருந்து அதிக தூரமில்லை, நவகமுவவில் கோயில் இருக்கிறது.

குளிர்த்தி பாடும்போது என் அம்மம்மா கண் கலங்குவார். "பாவம், புருசனை அநியாயமாக் கொன்றுபோட்டாங்கள்" என்பார். அதே மூச்சில், "ஆனா ஒரு ஊரே எரிஞ்சுபோச்சே, பிள்ளை" என்பார்.

எதிரணித் தலைவியிடம் கேட்கிறேன். என் அம்மம்மா கண்ணகிக்கு வக்காலத்து வாங்கினாரா?