ஏழாவதாக முடித்தவரை ஏன் எடுத்தார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘நல்ல கால்பந்துப் பயிற்சியாளரைக் கண்டுபிடிக்கக் கைகொடுப்பது தரவா, அனுபவக் கண்ணா?’ தரவுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கேட்டார்: “ஆட்டத்தையே பார்க்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கால்பந்தைப் பற்றி என்ன தெரியும்?” சரி, அப்படி ஒருவரைப் பற்றியே பேசுவோம்.

ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்கு 2011, 2012 என இரண்டு லீக் பட்டங்களை வாங்கிக் கொடுத்தவர் யுர்கன் கிளாப். அதே கிளாப்பின் அணி 2015 பிப்ரவரியில் பட்டியலின் கடைசி இடத்துக்கு விழுந்தது. சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். எப்படியோ எழுந்து ஏழாவதாக முடித்தார்கள், கிளாப் விலகினார். ‘இவர் காலம் முடிந்தது’ என்றுதானே பட்டியலைப் பார்க்கிற யாரும் சொல்வார்கள்?

இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் அப்போது ஆய்வாளராக இருந்த இயன் கிரகாம், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் பட்டியலை நம்பவில்லை. டார்ட்மண்ட் உருவாக்கிய வாய்ப்புகள் எத்தனை, எதிரிக்கு விட்டுக்கொடுத்தவை எத்தனை, ஒவ்வொன்றும் கோலாக எவ்வளவு சாத்தியம் என்று எடைபோட்டார். அந்தக் கணக்குப்படி டார்ட்மண்ட் இரண்டாவதாக வந்திருக்க வேண்டிய அணி! கபடி மாதிரி முப்பது, நாற்பது புள்ளி விழும் ஆட்டமா இது? இரண்டு மூன்று கோலில் முடிந்துவிடுகிறது. கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து போதும், நன்றாக ஆடிய அணி தோற்றுப்போக. அந்தப் பழி பயிற்சியாளர் தலையில் விழுகிறது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான். தரவு இல்லையென்றால் அந்த மனிதருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

2015 அக்டோபரில் லிவர்பூல் கிளாப்பை அழைத்தது. 2019இல் ஐரோப்பிய கிளப்புகளின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக். 2020இல், 30 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு, இங்கிலாந்து லீக் பட்டம். வென்று கொடுத்தவர் கிளாப்தான், எண்கள் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரை அடையாளம் காட்டத் துணை நின்றவை எண்கள்.

அப்புறம், கிளாப் வந்த சில வாரங்களில் கிரகாம் சில தாள்களோடு அவர் அறைக்குப் போனார். 2014 செப்டம்பரில் டார்ட்மண்ட் 2-0 என மைன்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் அணியிடம் தோற்ற ஆட்டத்தின் கணக்கு அது. வாய்ப்புகளெல்லாம் டார்ட்மண்ட் பக்கம். ஒரு பெனால்டி வீண், ஒரு சுய கோல். கிளாப் துள்ளிவிட்டார்: அந்த ஆட்டத்தைப் பார்த்தீர்களா, அவர்களை நாங்கள் நொறுக்கினோமே என்று.

கிரகாம் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை, நடுவர் அவர்களே.