விசா முடியவில்லை, நாட்கள் முடிந்துவிட்டன

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக வெளிநாடு போகிறவர்களுக்கு விசா பற்றிச் சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். எந்த நாட்டுக்கு என்னென்ன விசா என்று பட்டியல் வாசித்தால் நீங்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவீர்கள். வாசித்தாலும் அடுத்த வருடம் பாதி மாறியிருக்கும். அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். விசா வேறு, ஒரு நாட்டில் தங்கும் உரிமை வேறு. என்னிடம் தாள்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து மாட்டிக்கொண்டவர்கள்.

ஷெங்கன் விசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் 29 நாடுகளுக்கு ஒரே விசா. பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் ஸ்டிக்கரில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று போட்டிருக்கும். அதே ஸ்டிக்கரில், தங்கும் நாட்கள் என்று தனியாக ஓர் எண்ணும் இருக்கும். தேதிகளுக்கு நடுவே 45 நாள் இருக்கும், எண்ணோ 30 என்று சொல்லும். பயணம் முன்னே பின்னே நகர்ந்தால் சமாளிக்கத்தான் அந்த 15 நாள் கூடுதல். எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் தேதியில் போய் இறங்கி, கடைசித் தேதி வரை இருந்துவிட்டார். திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. "விசா முடியவே இல்லையே சார்?" என்று என்னிடம் கேட்டார். முடியவில்லைதான். தங்கும் நாட்கள் முடிந்துவிட்டன.

பலமுறை போய்வரும் விசா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. ஜனவரி 1-ஆம் தேதி போய் மார்ச் 31-ஆம் தேதி கிளம்பினீர்கள் என்றால், சாதாரண வருடத்தில் சரியாக 90 நாள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஒரு வாரம் வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடங்காது. மறுபடி நுழைய ஜூன் 30 வரை காத்திருக்க வேண்டும். முன்பாவது அதிகாரி முத்திரைகளைப் புரட்டி எண்ண வேண்டியிருந்தது. 2025 அக்டோபரிலிருந்து கைரேகை, முகப்படம் எடுத்துக் கணினியில் பதிகிற முறை வந்துவிட்டது. எண்ணுவதில் அது தூங்காது.

அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசா சிலருக்கு 10 வருடத்துக்குக் கிடைக்கிறது. 10 வருடம் அங்கே இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை நுழைவிடத்து அதிகாரி தீர்மானிப்பார். அது ஐ-94 என்ற பதிவில் ஏறும். ஸ்டிக்கரை மறந்துவிட்டு அந்தப் பதிவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள தேதியைத் தாண்டி 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டுக் கிளம்பினால் 3 வருடம் திரும்ப நுழைய முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம்.

சரி, எந்த விசாவுக்கு விண்ணப்பிப்பது? எது சுலபமாகக் கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். படிக்கவா, வேலைக்கா, மனைவியோடு சேர்ந்து வாழவா? ஒவ்வொரு விசாவுக்கும் கூடவே நிபந்தனைகள் வரும். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்கள் பொதுவாகக் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15, சராசரி சரியாகிவிட்டதே என்ற பேச்செல்லாம் எடுபடாது. கடை முதலாளி வற்புறுத்தினார் என்பதும் எடுபடாது.

கனடா போகும் மாணவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அங்கே படிப்பு அனுமதி உங்கள் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டாது. பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அனுமதியை நீட்டிக்க வேண்டுமென்றால் அது முடியும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அப்போதுதான் முடிவு வரும்வரை அங்கேயே சட்டப்படி இருக்கலாம். தவறவிட்டால் இழந்த நிலையை மீட்க 90 நாள் தருவார்கள், ஆனால் அந்த இடைவெளியில் வேலை செய்யக்கூடாது.

அப்புறம், ஏஜென்ட். நல்லவர்களும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. கனடா, ஆஸ்திரேலியா விவகாரங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் உள்ளவர்களின் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது. உரிம எண்ணைக் கேளுங்கள்; எண் கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் வங்கிக் கணக்குத் தாளை ஏஜென்ட் செருகினாலும் விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. கனடாவில் பொய்த் தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் 5 வருடத் தடை. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் 10 வருடம். முன்பு விசா மறுக்கப்பட்டதா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறுக்கப்பட்டது அவ்வளவு பெரிய குற்றமில்லை. அதை மறைப்பதுதான் பொய்த் தகவல் கணக்கில் போய்ச் சேரும்.

முதலில் சொன்னேனே, 15 நாள் அதிகம் இருந்தவர், அவர் பிறகு வேறொரு நாட்டுக்கு விண்ணப்பித்தார். முன்பு எங்காவது விதி மீறியது உண்டா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று போட்டுவிடலாமா என்று இரண்டு நாள் என்னைத் துளைத்தார். கடைசியில் 'ஆம்' என்று போட்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பழைய ஸ்டிக்கரின் நகலையும் விமானச் சீட்டையும் சேர்த்து அனுப்பினார். ஆறு வாரம் கழித்துப் புது விசாவைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். தங்கும் நாட்கள் 20. படத்தில் அந்த எண்ணைச் சுற்றி மட்டும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.