ஈக்குக் கூட வழி கெடச்சுது

தலைவர் அய்யா அவர்களே, ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியர் அய்யா அவர்களே (எட்டாவதுல எனக்குக் கணக்கு எடுத்தவரு, இன்னிக்கும் அவரப் பாத்தா கை தானா பின்னாடி போவுது), நம்ம கிருஷ்ணகிரி மாங்கா மண்டிப் பெரியவங்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை வேணாம்னு சொன்னேன், கேக்கல, சந்தோஷம்.

போன ஞாயித்துக்கெழம நம்ம வாசகர் வட்டத்துல 'நான் ஈ' போட்டோம்ல, 2012 ஜூலையில வந்த படம், அதப் பாத்துட்டு ஜனங்க என்ன சொன்னாங்கன்னு மூணு தலைப்புல பேசப்போறேன். காதல், கிராபிக்ஸ், வில்லன்.

எங்க ஆயா ஒண்ணு சொல்லும், "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க." ஹீரோ கதையே அதுதானுங்க. அந்தப் பொண்ணு மனசத் தொறந்து சொல்ற நேரத்துல ஆளு செத்துப்போறான், மறுபிறவி கெடைக்குது, அதுவும் ஈயா! பின்வரிசை காலேஜ் பசங்க "லாஜிக் எங்கண்ணா"ன்னு சிரிச்சாங்க, ஆனா அவ கண்ணீரத் தொட்டு ஈ தன் பேர எழுதறப்ப அதே பசங்க போனக் கீழ வெச்சுட்டாங்க, நான் பாத்தேன். ஓசூர்ல இருந்து வந்த நண்பர், வீட்ல கன்னடம், படத்துல வில்லனா வர்ற கன்னட நடிகர் சுதீப்போட ரசிகர், "எங்காளு ஈகிட்ட ஒத வாங்கறத இன்னொரு தடவ பாக்க முடியாது"ன்னு டீ குடிக்க எழுந்து போயிட்டாரு.

படம் வந்தப்ப ஆயாவக் கூட்டிட்டுப் போனேன். ஜூலைன்னா நம்மூர்ல மாங்கா சீசன் முடியற நேரம், மண்டி, மாங்கூழ் ஃபாக்டரி, எங்க பாத்தாலும் ஈதான். தியேட்டர விட்டு வந்து ரோட்டோரக் கடையில செந்தூரா மாங்கா கீத்து வாங்கினோம், மொளகாப்பொடி மேலயே ஒண்ணு வந்து ஒக்காந்துச்சு, நான் துண்ட ஓங்கறேன், ஆயா கையப் புடிச்சுடுச்சு. "வுட்றா! எவனோ, எவளத் தேடி வந்தானோ!" கடைக்காரம்மாவும் விசிறிக்கிட்டிருந்த அட்டையக் கீழ வெச்சுட்டாங்க. அவங்க முந்தின நாளே படம் பாத்தாச்சாம்! அந்தக் கீத்த நாங்க யாரும் திங்கல. ஒரு வாரம் எங்க வீட்ல ஈ அடிக்கத் தடை.

செத்தவன் பறந்து வந்து காதலிய சேந்துட்டான். நமக்கு? திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு ஓடின சின்ன ரயில வெள்ளக்காரன் காலத்துலயே நிறுத்திட்டாங்க, 2004-ல தனி மாவட்டமே ஆயிட்டோம், மாவட்டத் தலைநகரத்துல ரயில்வே ஸ்டேஷன் இல்ல, ஓசூர்ல இருக்கு, தருமபுரியில இருக்கு, நமக்கு சர்வே மட்டும் வருது. ஆசை இருக்கு தாசில் பண்ண... மீதி உங்களுக்கே தெரியும்.

கிராபிக்ஸ் பத்தி நெறைய இருக்கு, தலைவர் வாட்ச்சப் பாக்கறாரு. ரயில் மனு வாசல் மேசையில இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. போன தடவ பேனா காணாமப் போச்சு, இந்தத் தடவ கயிறு போட்டுக் கட்டியிருக்கோம்.