ஆல்ட்கேட் பள்ளியின் கணக்கு வழக்கு

நேயர்களுக்கு என் வணக்கம்.

லண்டன் என்று நாம் சொல்லும் பெருநகரத்தின் நடுவே, ‘சிட்டி ஆஃப் லண்டன்’ என்ற பழைய நகரம், ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பில், தனக்கென்று ஒரு மேயரும் தனி நிர்வாகமுமாக இன்றும் இருந்துவருகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நெருக்கியடித்து நிற்கும் அந்தச் சதுர மைலுக்குள் அரசுப் பணத்தில் நடக்கும் தொடக்கப் பள்ளி ஒன்றே ஒன்றுதான். கிழக்கு ஓரத்தில், ஆல்ட்கேட் என்ற வட்டாரத்தில், டியூக்ஸ் பிளேஸ் என்ற தெருவில் இருக்கும் அந்தப் பள்ளி இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. 2020 வரை அதற்கு சர் ஜான் காஸ் பள்ளி என்று பெயர். இன்று ஆல்ட்கேட் பள்ளி. அதற்கு யார் யார் பணம் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் பதிலுக்கு எதைக் கேட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தால், அந்நாட்டுத் திருச்சபைப் பள்ளிகளின் வரலாற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் பணம் கொடுத்தவர் ஜான் காஸ். 1661இல் பிறந்த இவர், லண்டன் நகரின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நகர மன்றத்தின் மூத்த உறுப்பினராகவும் இருந்தவர். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் நிர்வாகக் குழுவிலும் 1705 முதல் 1708 வரை அமர்ந்திருந்தார். 1710இல் புனித பொட்டால்ஃப் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தையொட்டி 50 சிறுவர்களுக்கும் 40 சிறுமிகளுக்குமாக அவர் ஒரு பள்ளி கட்டினார். அந்தக் காலத்தில் லண்டன் முழுவதும் இத்தகைய தருமப் பள்ளிகள் எழுந்துகொண்டிருந்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் ஞானோபதேச வினாவிடையும் கற்பித்தார்கள். சிறுமிகளுக்குத் தையலும் உண்டு. தருமத்தில் படிக்கிற பிள்ளை என்பது தெருவில் போகிறவருக்கும் தெரியும்படி சீருடை அணிவித்தார்கள். பணிவும் திருச்சபைப் பற்றும் உள்ள வேலைக்காரர்களை உருவாக்குவதே கொடையாளர்களின் நோக்கம் என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை. இன்றைய கட்டிடத்தின் முகப்பிலும் அந்தக் கால உடையில் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் சிலைகளாக நிற்கிறார்கள்.

காஸ் 1718இல் இறந்தார். தம் சொத்தைப் பள்ளிக்கு எழுதிவைக்கும் இரண்டாவது உயிலில் அவர் பக்கம் பக்கமாகக் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தபோது நுரையீரலிலிருந்து இரத்தம் பீறிட்டது என்றும், கையிலிருந்த இறகுப் பேனா சிவப்பாயிற்று என்றும் சொல்வார்கள். இதன் நினைவாகத்தான், பிப்ரவரியில் வரும் நிறுவனர் நாளில் பிள்ளைகள் சிவப்பு இறகு அணிந்து ஆலயத்துக்குச் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. இறகு அழகான கதைதான். ஆனால் அந்த அரைகுறைக் கையொப்பம் பள்ளிக்குப் பெரும் சோதனையாகிவிட்டது. உயில் செல்லுமா, செல்லாதா என்று வழக்கு மூண்டது. காஸின் மனைவி உயிரோடு இருந்தவரை பள்ளியைத் தாங்கிப் பிடித்தார். அவருக்குப் பிறகு அது நொடித்தது. இறந்தவரின் விருப்பத்தை சான்சரி நீதிமன்றம் ஏற்று அறக்கட்டளை அமைந்தபோது 1748 ஆகிவிட்டது. ஹாக்னி பகுதியில் காஸ் விட்டுச்சென்ற நிலங்கள், நகரம் கிழக்கே பரவப் பரவ மதிப்பு உயர்ந்து, பின்னாளில் அந்த அறக்கட்டளையைச் செல்வம் மிக்கதாக்கின.

இதே ஆல்ட்கேட்டுக்கு நம் எழும்பூரோடும் ஒரு தொடர்பு உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். நம் ஊர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். உடனே ஒரு சிறுவனையே அழைத்து, அவனைவிடச் சிறிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கவிட்டார். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாடம் சொல்லலாம் என்ற ‘மெட்ராஸ் முறை’ இப்படித்தான் பிறந்தது. மணல் இந்தியாவிலிருந்து பெற்றது, மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்பது பெல்லின் வாதம். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு அதை அப்படியே ஒப்புக்கொள்வது கடினம். 1797இல் அவர் தம் சோதனையைப் பற்றி லண்டனில் ஓர் அறிக்கை வெளியிட்டார். மறு ஆண்டே அதைப் பின்பற்றத் தொடங்கியது ஆல்ட்கேட் புனித பொட்டால்ஃப் தருமப் பள்ளி. அது காஸின் பள்ளியன்று, அதே ஆலய வட்டாரத்தில் இருந்த வேறொன்று.

இந்த முறையின் மலிவு திருச்சபையைக் கவர்ந்தது. 1811இல், ஏழைகளுக்குத் திருச்சபைக் கோட்பாட்டின்படி கல்வி அளிப்பதற்கென்று தேசியச் சங்கம் தொடங்கப்பட்டு, ஊருக்கு ஊர் பள்ளிகள் எழுந்தன. அரசு 1833இல்தான் முதன்முதலாக 20,000 பவுன் மானியம் தந்தது; அதுவும் பள்ளிக் கட்டிடங்களுக்கு மட்டுமே. பள்ளி இல்லாத இடங்களை நிரப்ப 1870ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்க் கல்விக் குழுக்களை அமைக்க, வரிப்பணத்தில் நடந்த அந்தப் பள்ளிகளுக்கு எதிரே ஆலயக் காணிக்கையை நம்பிய பள்ளிகள் மூச்சுத் திணறின. 1902இல் திருச்சபைப் பள்ளிகளுக்கும் உள்ளூர் வரிப்பணம் உண்டு என்று ஆனபோது, தங்களுக்கு ஒவ்வாத சமயப் போதனைக்குத் தங்கள் காசா என்று கேட்டு, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத மாற்றுச் சபைக் கிறிஸ்தவர்கள் பலர் வரி கட்ட மறுத்துச் சிறைக்கும் சென்றார்கள். 1944ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு ஓரளவு நிலையான ஏற்பாட்டைத் தந்தது. ஆசிரியர் சம்பளத்தையும் அன்றாடச் செலவையும் அரசு ஏற்கும். கட்டிடச் செலவில் பாதியைத் தருகிற பள்ளிகளில் ஆட்சிக்குழுப் பெரும்பான்மையும் சமயக் கல்வியும் மாணவர் சேர்க்கையும் திருச்சபையின் கையில் இருக்கும். அந்தப் பாதி படிப்படியாகக் குறைந்து, இன்று பத்து விழுக்காட்டில் நிற்கிறது. பத்து விழுக்காட்டுக்கு இவ்வளவு அதிகாரமா என்ற கேள்வி அங்கே அடிக்கடி எழுகிறது. கேள்வி நியாயமானதுதான் என்றாலும், இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று திருச்சபையினுடையதாக இருக்கும்போது, அதைக் கையில் எடுக்க எந்த அரசும் துணியவில்லை.

இப்போதைய கட்டிடம் 1908இல் எழுந்தது. அதன் மறுபுறம் இருக்கும் மைட்டர் சதுக்கத்துக்கு, 1888இல் நடந்த ஒரு கொலையின் கதையைக் கேட்கச் சுற்றுலாக் கூட்டம் இன்றும் வருகிறது. பள்ளிக்குள் படிக்கும் பிள்ளைகளில் பலர் அருகிலுள்ள கிழக்கு லண்டனின் வங்காளதேசக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். திருச்சபைப் பற்றுள்ள ஏழைகளை உருவாக்க எழுந்த பள்ளியில் இஸ்லாமியப் பிள்ளைகள் இயல்பாக உட்கார்ந்து படிப்பதை, தொடங்கிவைத்தவர்கள் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு எழுந்த இனவெறி எதிர்ப்பு அலையில், காஸின் பெயரை நீக்குவதென்று பள்ளி முடிவு செய்தது. அடுத்த ஆண்டு அறக்கட்டளையும் போர்ட்டல் டிரஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நகர நிர்வாகத்தின் கில்ட்ஹால் மாளிகையில் இருக்கும் காஸின் சிலையை அகற்றுவதென்று 2021 தொடக்கத்தில் தீர்மானித்த நகர நிர்வாகமோ, அதே ஆண்டிலேயே மனம் மாறி, விளக்கப் பலகையோடு அது அங்கேயே இருக்கட்டும் என்றது. பெயரை நீக்கியது சரி என்றே நான் நினைக்கிறேன். காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சட்டையில் சுமக்க வேண்டிய பெயரல்ல அது. ஆனால் காஸின் சொத்திலிருந்து வளர்ந்த அறக்கட்டளை இன்றும் அந்தப் பள்ளிக்கு உதவிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் செல்வத்தில் அடிமை வணிகத்தின் பங்கு எவ்வளவு, அதற்கு ஈடாக யாருக்கு என்ன செய்வது என்ற விசாரணை, பெயர்ப்பலகை மாறியதோடு முடிந்துவிடவில்லை.

வணக்கம்.